மதராஸ் அணி வென்ற முதல் ரஞ்சிக் கோப்பை (1954-55): ஒரு கணக்குப் பாடம்

இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு

முன்னுரை

சென்னை சூப்பர் கிங்ஸ் அணி எந்தெந்த ஆண்டு ஐ.பி.எல். கோப்பை வாங்கியது என்று நம் பாலிடெக்னிக்கில் யாரைக் கேட்டாலும் 2010, 2011, 2018, 2021, 2023 என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார்கள். ஆனால் தமிழ்நாடு அணி ரஞ்சிக் கோப்பையை எத்தனை முறை வென்றிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே அமைதியாகிவிடும். விடை இரண்டே முறை. முதல் முறை 1954-55 பருவத்தில். அப்போது அணியின் பெயர் மதராஸ். இரண்டாவது முறை 1987-88 பருவத்தில்.

இந்தக் கட்டுரை அந்த முதல் வெற்றியைப் பற்றியது. எழுபது வருஷத்துக்கு முந்தின ஆட்டத்தை இப்போது எதற்குப் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இரண்டு காரணம் சொல்கிறேன். ஒன்று, ஸ்கோர் அட்டை என்பது நம்முடைய மெஷின் டிராயிங் மாதிரி. படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் கோடும் எண்ணும். படிக்கத் தெரிந்தவருக்கு முழு இயந்திரமும் கண்முன் நிற்கும். இரண்டு, ஓர் அணியை யார் வளர்க்கிறார்கள், விளையாடுகிறவனுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பருவத்தில் நல்ல பதில் இருக்கிறது. அது நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு ரொம்ப முக்கியமான கேள்வி.

அன்றைய வரைபடத்தில் நம்ம ஊர்

முதலில் ஒரு வேடிக்கையான செய்தி. மதராஸ் அணி கோப்பை வாங்கிய சமயத்தில் நம் திருத்தணி வட்டாரம் மதராஸ் மாநிலத்தில் இல்லை!

1953 அக்டோபர் 1-ஆம் தேதி மதராஸ் மாநிலத்திலிருந்து ஆந்திர மாநிலம் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் ஆந்திரத்துக்குப் போனது. அந்த மாவட்டத்தோடு திருத்தணியும் போனது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் மத்தியஸ்தம், 1959-ஆம் ஆண்டு பாராளுமன்றச் சட்டம் ஆகிய எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆகவே 1955-ல் கே.ஜி.கண்டிகையில் ஒரு கிரிக்கெட் ரசிகர் இருந்திருந்தால், மாநிலக் கணக்குப்படி அவருடைய அணி ஆந்திராதான்.

அந்த ஆந்திரா அணியும் புத்தம் புதியது. 1953-54 பருவத்தில்தான் அது ரஞ்சிக் கோப்பையில் கால் வைத்தது. அதன் முதல் தலைவர் சி.கே.நாயுடு. 1932-ல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் ஆட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். கட்டுரையில் மறுபடியும் வருவார்.

ரஞ்சிக் கோப்பை: சிறு அறிமுகம்

ரஞ்சிக் கோப்பை 1934-35 பருவத்தில் தொடங்கியது. நவாநகர் அரசராக இருந்த ரஞ்சித்சிங்ஜியின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். கோப்பையை வழங்கியவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4-ஆம் தேதி நம் சேப்பாக்கத்தில், மதராசுக்கும் மைசூருக்கும் நடந்தது. மைசூர் 48, மதராஸ் 130, மைசூர் மறுபடி 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோச்சு. மதராஸ் ஓர் இன்னிங்ஸ் மற்றும் 23 ரன்னில் வெற்றி. அந்த ஒரு நாளில் ஏ.ஜி.ராம்சிங் என்ற சுழல் பந்து வீச்சாளர் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். இவர் பெயரையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு அருமையாகத் தொடங்கிய அணிக்குக் கோப்பை மட்டும் கைக்கு எட்டவில்லை. 1935-36 இறுதி ஆட்டத்தில் பம்பாயிடம் 190 ரன்னில் தோல்வி. 1940-41 இறுதி ஆட்டம் சொந்த ஊரான மதராசிலேயே நடந்தது. அதிலும் மகாராஷ்டிரா ஆறு விக்கெட்டில் வென்றது. அதன்பின் பதினான்கு வருஷம் காத்திருந்து 1954-55-ல் மூன்றாவது முறையாக இறுதிக்கு வந்தார்கள்.

அப்போதைய விதிமுறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது போல லீக் ஆட்டம் கிடையாது. மண்டலத்துக்குள் லீக் முறை 1957-58-ல்தான் வந்தது. 1954-55-ல் நாக்-அவுட் முறை. ஓர் ஆட்டம் தோற்றால் அந்த வருஷக் கதை முடிந்தது, பெட்டி கட்ட வேண்டியதுதான். சுருக்கமாகச் சொன்னால், அரியர் எழுத வாய்ப்பே இல்லாத பரீட்சை.

எதிரணி: அரண்மனை வளர்த்த ஹோல்கர்

இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது ஹோல்கர் அணி. இந்தூரை ஆண்ட ஹோல்கர் அரச குடும்பத்தின் பெயரில் இயங்கிய அணி. ஆட்டம் நடந்ததும் இந்தூரிலேயே, அதாவது அவர்கள் வீட்டு வாசலிலேயே.

ஹோல்கர் எப்பேர்ப்பட்ட அணி என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 1944-45 முதல் 1954-55 வரை பதினொரு பருவங்கள். அதில் பத்துப் பருவத்தில் அவர்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். தவறியது 1948-49 மட்டும். நான்கு முறை (1945-46, 1947-48, 1950-51, 1952-53) கோப்பை வென்றார்கள். 1945-46 அரையிறுதியில் மைசூருக்கு எதிராக 8 விக்கெட் இழப்புக்கு 912 ரன். ஒரே இன்னிங்சில் ஆறு பேர் சதம்! 1944-45 இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் டெனிஸ் காம்ப்டன் ஹோல்கருக்காக ஆடி, ஆட்டமிழக்காமல் 249 எடுத்தார். போர்க்காலத்தில் ராணுவப் பணியில் இந்தியா வந்திருந்தவர் அவர். அந்த ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்த்து 2078 ரன் குவித்தன. ஆனாலும் பம்பாய்தான் வென்றது.

இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் சி.கே.நாயுடு மறுபடியும் வருகிறார். அவர் நாகபுரியில் பிறந்த தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. 1923-ல் ஹோல்கர் அரசர் அவரை இந்தூருக்கு அழைத்து, தமது படையில் கேப்டன் பதவி கொடுத்தார். பிற்காலத்தில் அவர் கர்னல் நாயுடு ஆனார். பதவி ராணுவத்தில், வேலை மைதானத்தில். அவரைச் சுற்றி ஓர் அணி வளர்ந்தது. உள்ளூர்க்காரரான முஷ்டாக் அலி, வெளியூரிலிருந்து வந்த சந்து சர்வதே போன்றவர்கள் அதன் தூண்கள். முஷ்டாக் அலி 1936-ல் மான்செஸ்டரில் சதம் அடித்து, வெளிநாட்டில் டெஸ்ட் சதம் போட்ட முதல் இந்தியர் ஆனவர்.

அந்தக் காலத்தில் நம் நாட்டுக் கிரிக்கெட்டில் தொழில்முறை என்று வெளிப்படையாக ஒன்றும் கிடையாது. ஆனால் விளையாடுகிறவன் நாளைச் சோற்றைப் பற்றிக் கவலைப்படாமல் விளையாட வேண்டும் என்பதை அரண்மனை புரிந்து வைத்திருந்தது. சொல்லப் போனால் அதுவே ஒரு வகைத் தொழில்முறை அணி. ஆனால் முதலாளி ஒரே ஒருவர்.

மதராஸ் அணி: ராஜா இல்லாத அணி

மதராசுக்கு அப்படி ஒரு ராஜா இல்லை. அணி வந்த வழியே வேறு. 1846-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய மதராஸ் கிரிக்கெட் கிளப்பில் இந்தியர்களுக்கு இடமில்லை. அதைப் பொறுக்காத புச்சிபாபு நாயுடு 1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப்பை ஏற்படுத்தினார். நம் ஆட்களுக்கு மட்டையும் பந்தும் இடமும் கிடைத்தது அப்படித்தான். வெள்ளைக்காரர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் பொங்கல் சமயத்தில் நடந்த பிரெசிடென்சி ஆட்டம் ஊரையே சேப்பாக்கத்துக்கு இழுத்தது. ராஜா ஆஃப் பாளையம்பட்டி கேடயத்துக்காக நடந்த லீக் ஆட்டங்களில் கிளப்புகளும் அலுவலகங்களும் வாராவாரம் மோதின. அந்த லீக்கில் அடிபட்டுத் தேறியவர்கள்தான் மாநில அணிக்கு வந்தார்கள்.

1954-55 அணியின் தலைவர் பாலு அழகண்ணன். பிற்காலத்தில் வானொலி வர்ணனையாளராகவும், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத் தலைவராகவும் இருந்தவர். பேட்டிங்கில் சி.டி.கோபிநாத் இருந்தார். 1952-ல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தை வென்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றபோது அந்தப் பதினொரு பேரில் இவரும் ஒருவர்.

மூன்றாவதாக, இந்தப் பருவத்தின் நாயகன் ஏ.ஜி.கிருபால் சிங். வயது இருபத்தொன்று. 1934-ல் ஒரே நாளில் 11 விக்கெட் எடுத்தாரே, அந்த ராம்சிங்கின் மகன். பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஏ' என்ற எழுத்து அமிர்தசரசைக் குறிக்கும். பூர்வீகம் பஞ்சாப், ஆடியது மதராசுக்கு. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் பேசும் நம் எல்லை ஊர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படாது. தெலுங்குக் குடும்பத்து நாயுடு இந்தூர் அணியை வளர்த்தார். பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை மதராசுக்குக் கோப்பை வாங்கித் தந்தார்.

கிருபால் சிங்கின் எண்கள்

அந்தப் பருவத்தில் கிருபால் சிங் எடுத்த மொத்த ரன் 636. விக்கெட் 13. அந்த 636 எப்படி வந்தது என்று பிரித்துப் பார்ப்போம்.

திருவிதாங்கூர்-கொச்சி அணிக்கு எதிராக: 208
அரையிறுதியில் வங்காளத்துக்கு எதிராக: 98, 97
இறுதியில் ஹோல்கருக்கு எதிராக: 75, 91
மீதி: 67

208 பெரிய எண்தான். பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரக்கூடியது. ஆனால் கோப்பையைக் கொண்டு வந்தது கடைசி நான்கு எண்கள். 98, 97, 75, 91. ஒன்றுகூடச் சதம் இல்லை. அரையிறுதியில் இன்னும் ஐந்தே ரன் கூடுதலாக வந்திருந்தால் ஒரே ஆட்டத்தில் இரண்டு சதம் என்ற பெருமை கிடைத்திருக்கும். நழுவிவிட்டது. ஆனால் நான்கையும் கூட்டிப் பாருங்கள். 361 வருகிறது.

நம்மில் பலர் 75 மார்க்குக்கு ஒன்று குறைந்து 74 வந்தால் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடக்கிறோம். சதம் என்பது ஆட்டக்காரனுடைய கணக்கு. ரன் என்பது அணியின் கணக்கு. 98-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் அணிக்கு இரண்டு ரன், அவ்வளவே. அரையிறுதியில் இரண்டு முறை சதத்தைத் தவறவிட்ட இளைஞன் இறுதி ஆட்டத்தில் மனம் தளராமல் மறுபடியும் 75, மறுபடியும் 91 எடுத்தான் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பந்து வீச்சிலும் பாருங்கள். பருவம் முழுவதும் எடுத்த 13 விக்கெட்டில் 7 விக்கெட் இறுதி ஆட்டத்தில் வந்தது. தேவைப்பட்ட இடத்தில் கை கொடுத்திருக்கிறார்.

இறுதி ஆட்டம்: நான்கு வரி ஸ்கோர் அட்டை

1955-ல் இந்தூரில் நடந்த இறுதி ஆட்டத்தின் ஸ்கோர் இதுதான்.

மதராஸ், முதல் இன்னிங்ஸ்: 478
ஹோல்கர், முதல் இன்னிங்ஸ்: 417
மதராஸ், இரண்டாம் இன்னிங்ஸ்: 311
ஹோல்கர், இரண்டாம் இன்னிங்ஸ்: 326
முடிவு: மதராஸ் 46 ரன்னில் வெற்றி

இனி பென்சிலை எடுத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

முதல் இன்னிங்சில் மதராசுக்கு 478 - 417 = 61 ரன் முன்னிலை. இரண்டாம் இன்னிங்சில் 311 எடுத்ததும் மொத்த முன்னிலை 372. ஆகவே ஹோல்கர் வெற்றி பெற 373 தேவை. அவர்கள் 326-ல் ஆட்டமிழந்தார்கள். 372 - 326 = 46. கணக்குச் சரி.

இப்போது முதல் இன்னிங்சைக் கையால் மறைத்துவிட்டு இரண்டாம் இன்னிங்சை மட்டும் பாருங்கள். மதராஸ் 311, ஹோல்கர் 326. ஹோல்கர்தான் 15 ரன் கூட! கடைசி நாட்களில் நன்றாக ஆடியது தோற்ற அணிதான். முதல் இன்னிங்சில் இரண்டு அணியும் சமமாக எடுத்திருந்தால் ஹோல்கருக்குத் தேவைப்பட்டது 312 மட்டுமே. அவர்கள் எடுத்த 326-க்கு அது தாராளமாகப் போதும். கோப்பை இந்தூரிலேயே தங்கியிருக்கும்.

அதாவது மதராஸ் ஜெயித்தது கடைசி நாளில் இல்லை. ஆரம்பத்தில் சேர்த்து வைத்த அந்த 61 ரன்னில்தான். முதல் வருஷப் பாடங்களை ஒழுங்காகப் படித்து முடித்தவன் மூன்றாம் வருஷத்தில் கொஞ்சம் சறுக்கினாலும் பிழைத்துக்கொள்கிறான். முதல் வருஷ அரியரைச் சுமந்துகொண்டு வருகிறவன் கடைசியில் எவ்வளவு ஓடினாலும் 46 ரன் குறைகிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு கணக்கு. நான்கு இன்னிங்சையும் கூட்டினால் 1532 ரன். வித்தியாசம் 46. அதாவது நூற்றுக்கு மூன்று. ஃபிட்டிங் ஷாப்பில் அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஆண் பாகமும் பெண் பாகமும் பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போமே, அந்த மாதிரி மெல்லிய இடைவெளி. கிருபால் சிங் அந்த ஆட்டத்தில் எடுத்த 166 ரன்னில் 46 குறைந்திருந்து, மற்றதெல்லாம் அப்படியே இருந்திருந்தால் ஆட்டம் சமன். 47 குறைந்திருந்தால் தோல்வி. எதிரணியின் இருபது விக்கெட்டில் ஏழும் அவருடையது. ஆனால் மீதி 13 விக்கெட்டையும், மீதி 623 ரன்னையும் மற்றவர்கள்தான் கொண்டு வந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. இருவருமாகச் சேர்த்துத்தான் கணக்கு நேராகிறது.

அதே 1955-ல் அமெரிக்காவில்

அதே ஆண்டு அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒரு கதை நடந்தது. அங்கே பேஸ்பால் என்றால் உயிர். அது நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், ஒரே நாளில் முடிவு. எல்லாரும் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்.

நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதிக்கு டாட்ஜர்ஸ் என்று ஓர் அணி. 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரைச் சேர்த்து, அந்த விளையாட்டின் பெரிய லீக்குகளில் பல பத்தாண்டுகளாக இருந்த நிறத் தடையை உடைத்த அணி. ஆனால் உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில் 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து முறையும் யாங்கீஸ் அணியிடமே தோல்வி. கடைசியில் 1955 அக்டோபர் 4-ஆம் தேதி, ஏழாவது ஆட்டத்தில், 23 வயது ஜானி போட்ரெஸ் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பந்து வீச, புரூக்ளின் 2-0 என்று வென்றது.

அதற்குப் பின் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 1957 பருவம் முடிந்ததும் அணியின் உரிமையாளர் அதை லாஸ் ஏஞ்சலிசுக்குக் கொண்டுபோய்விட்டார். 1960-ல் புரூக்ளின் மைதானத்தையே இடித்துவிட்டார்கள். கோப்பை வாங்கிய ஊரில் அணி இல்லாமல் போனது.

கோப்பைக்குப் பின்

ஹோல்கர் கதையும் அப்படித்தான். இந்தூர் சமஸ்தானம் 1948-லேயே மத்திய பாரதத்தில் இணைந்துவிட்டது. அரண்மனையின் நிழலில் அணி மட்டும் இன்னும் சில வருஷம் ஓடியது. மதராசிடம் தோற்ற அந்த 1955 இறுதி ஆட்டத்தோடு ஹோல்கர் என்ற பெயர் ரஞ்சியிலிருந்து மறைந்தது. அடுத்த பருவத்தில் மத்திய பாரதம், பின்னர் மத்தியப் பிரதேசம். பதினொரு பருவத்தில் பத்து முறை இறுதிக்கு வந்த மண்ணுக்கு அடுத்த கோப்பை 2022-ல்தான் கிடைத்தது. 1952-53 வெற்றிக்குப் பின் அறுபத்தொன்பது வருஷம்!

மதராஸ் அணி அழியவில்லை. கிருபால் சிங் 1955 நவம்பரில் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 100 எடுத்தார். அரையிறுதியில் தவறிய சதம் அங்கே வந்து சேர்ந்தது. 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது, அணியின் பெயரும் பிறகு மாறியது.

ஆனால் கோப்பைக்காகக் காத்திருப்பு தொடர்ந்தது. 1958-59 முதல் 1972-73 வரை பம்பாய் தொடர்ந்து பதினைந்து முறை கோப்பையைத் தூக்கியது. அதில் பதினைந்தாவது நம் சேப்பாக்கத்தில், நம்மை வென்று. 1987-88 இறுதி ஆட்டத்தில்தான் எஸ்.வாசுதேவன் தலைமையில் விடிவு வந்தது. சேப்பாக்கத்தில் ரயில்வே அணி 317, தமிழ்நாடு 709, ரயில்வே 248. ஓர் இன்னிங்ஸ் மற்றும் 144 ரன்னில் வெற்றி. அடுத்த பருவத்தில் கோவாவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 912. டபிள்யூ.வி.ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. அர்ஜன் யார் என்று பெயரே சொல்கிறது. கிருபால் சிங்கின் மகன், ராம்சிங்கின் பேரன். 1934, 1955, 1989 என மூன்று தலைமுறை! அதன்பின் ஆறு முறை இறுதி ஆட்டத்துக்கு வந்தும் கோப்பை கிடைக்கவில்லை.

சோறு போட்டது யார்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஹோல்கரை வளர்த்தது ஓர் அரண்மனை. அரசு போனதும் அணியும் போனது. புரூக்ளினை வைத்திருந்தது ஒரு முதலாளி. அவர் மனம் மாறியதும் அணி ஊர் மாறியது. இது தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது எட்டு அணியில் ஒன்றின் பெயர் திருவள்ளூர் வீரன்ஸ். நம் மாவட்டத்தின் பெயர்! சில வருஷத்திலேயே அந்தப் பெயர் மாறி காஞ்சிக்குப் போய்விட்டது.

மதராஸ் அணிக்குக் கீழே பல பேர் தோள் கொடுத்தார்கள். கிளப், கல்லூரி, வங்கி, ரயில்வே, தொழிற்சாலை, கம்பெனி. ஒரு கம்பெனி டீமைக் கலைத்தால் இன்னொன்று ஆளை எடுத்துக்கொண்டது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, பகலில் ஆடி, குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள் எத்தனையோ பேர். ராஜா கொடுக்கிற அளவு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அணி நின்றது. இப்போது நிலைமை மேலும் மாறிவிட்டது. 2021-ல் கிரிக்கெட் வாரியம் அறிவித்தபடி நாற்பது ரஞ்சி ஆட்டத்துக்கு மேல் ஆடியவருக்கு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய், புதியவருக்கு 40,000 ரூபாய். 1955 ஆட்டக்காரர்கள் கேட்டால் நம்பமாட்டார்கள்.

ஆனால் அந்த 40,000 வரை போய்ச் சேரும் முன்னால் முதல் நூறு ரூபாய்க்கு வழி வேண்டுமே! எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வரை வந்தது நான்தான் முதல் ஆள். எங்களைப் போன்ற வீட்டில் சனிக்கிழமை மேட்ச் என்றால், அன்றைக்கு வேலைக்குப் போனால் வரும் கூலியோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அது தப்பே இல்லை, அது அவர்களுடைய கணக்கு. வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் யோசித்தே பெயர் கொடுக்காமல் இருந்துவிடுகிறவர்கள் நம்மிலேயே உண்டு. அவர்களில் ஒரு கிருபால் சிங் இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

முடிவுரை

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

1. நம் அணிகள் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு ஸ்கோர் நோட்டு வைக்க வேண்டும். கிரிக்கெட்டுக்கு மட்டுமில்லை, கபடி, வாலிபால், மாணவிகளின் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும். எழுபது வருஷத்துக்கு முந்தைய ஆட்டத்தை நான் இன்று ஆராய முடிந்தது யாரோ ஒருவர் வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பந்தாக எழுதி வைத்ததால்தான்.

2. பேரவை நிதியில் ஒரு சிறு பகுதியை வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் மாணவர்களின் பஸ் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஒதுக்க வேண்டும். யாரிடமும் கை நீட்டாமல், பெயர் கொடுத்த எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடைக்க வேண்டும்.

3. ஆட்டத்துக்குப் போன நாளில் விட்டுப்போன லேப் வேலையையும் ரெக்கார்டு நோட்டையும் முடிக்க வகுப்புத் தோழர்கள் உதவ வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, மனசு இருந்தால் போதும்.

இவை எல்லாம் சேர்ந்தால் ஒரே நாளில் கோப்பை வந்துவிடாது. ஆனால் முதல் இன்னிங்சில் 61 ரன் முன்னிலை கிடைக்கும். மீதியை ஆடுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

வாழ்க விளையாட்டு! வளர்க நம் பேரவை!